சிவப்பு இலை

பச்சை வலை மிஷன் வரப்போகிறது என்று பஞ்சாயத்து மெம்பர் சொன்னபோது, குரங்குப்பாறை டிவிஷனில் எல்லோரும் அதை நாற்றங்காலுக்கு மேலே கட்டுகிற பச்சை வலை என்றே நினைத்தார்கள். மாட்டுப்பட்டிக்கும் மேலே, தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாக நிற்கும் அந்தத் தொழிலாளர் லயங்களில் வலைக்குத் தேவை இருந்தது. பீன்ஸ் கொடியைக் குரங்கு பிய்த்துப் போட்டது. கேரட்டைப் பன்றி தோண்டியது. புஷ்பமேரி வீட்டுக்குப் பின்னால் இருந்த தன் பந்தலைச் சேலை முந்தானையால் அளந்து பார்த்துவிட்டு, முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். அவளைப் பார்த்து லயம் முழுவதும் கொடுத்தது. மாநிலத்திலேயே இவ்வளவு ஆர்வத்தோடு சேர்ந்த ஊர் வேறொன்று இல்லை என்று மிஷன் தன் அறிக்கையில் எழுதிக்கொண்டது.

முதல் கூட்டம் எஸ்டேட் கிளப்பில் நடந்தது. அதிகாரிகள் ஆளுக்கொரு காரில் வந்தார்கள். அன்று மின்சாரம் இல்லாததால் கிளப் சன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அதன் புகை உள்ளே வந்தது. திரையில் ஒரு பனிக்கரடி சின்ன ஐஸ் கட்டியின் மேல் நின்றுகொண்டு ஜனங்களைப் பார்த்தது.

மிஷனின் ஜாயின்ட் டைரக்டர் மோகனசுந்தரம் எழுந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பம். தமிழ் பேசுவார் என்பதால் மலைக்கு அனுப்பப்பட்டவர். தோட்டத்தில் அதுவரை எந்த அதிகாரியும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அதனாலேயே ஜனங்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள்.

"ஏனுங்க, இந்த இன்டர்நெட்டு எங்கிருந்து வருதுன்னு நெனைக்கறீங்க? ஆகாசத்துல இருந்துங்களா? இல்லீங்க. எங்கியோ ஒரு பெரிய கட்டடத்துல ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரு ராப்பகலா ஓடுதுங்க. அதுக்குக் கரண்டு வேணும். அது சூடாகாம இருக்க ஏசி வேணும். நடுவுல இருக்கற டவருக்கெல்லாம் கரண்டு வேணும். நீங்க போன்ல ஒரு வீடியோ பாத்தீங்கன்னா எங்கியோ நெலக்கரி எரியுதுங்க. இதைக் குறைக்கோணுமுங்க. மொதல்ல கம்பெனிக்காரங்ககிட்டத்தான் கேட்டுப் பாத்தோம். அவங்க ரொம்பப் பெரியவங்க, நம்ம சொன்னாக் கேக்க மாட்டீங்கறாங்க. அதனாலதானுங்க உங்ககிட்ட வந்திருக்கறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் புஷ்பமேரியின் அடுத்த வீட்டுக்காரி சாந்தம்மாள் எழுந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகன் ரிஜின் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

"வலை எப்ப சார் தருவீங்க?"

"வலை ஏற்கெனவே உங்க ஊட்டுக்குள்ளதான் இருக்குதுங்கம்மா. அதைக் குறைக்கத்தான் நாங்க வந்திருக்கறது."

சாந்தம்மாள் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இல்லாத ஒன்றை எப்படிக் குறைப்பார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கேபிள்காரர் வைத்துவிட்டுப் போயிருந்த வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே அதை மாட்டினார்கள். அந்த வீட்டில் எவ்வளவு இன்டர்நெட் ஓடுகிறது, அதற்கு எவ்வளவு கார்பன் என்று அது நிமிஷத்துக்கு நிமிஷம் தலைநகரத்துக்குச் சொல்லும். மின்சாரம் போனாலும் அணையாமல் இருக்க அதற்குள் ஒரு பேட்டரி. பேட்டரி சூடாகாமல் இருக்க ஒரு குட்டி விசிறி. இந்தப் பெட்டி தின்கிற கரண்டு யார் கணக்கில் வரும் என்று புஷ்பமேரியின் புருஷன் வேதமுத்து கேட்டான். அளக்கிற கருவியை அளக்கிற கருவிக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள் என்று மாட்ட வந்தவர் சொன்னார்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டர் ஷெட்டுக்கு முன்னால் ஓர் எலெக்ட்ரிக் பலகையும் வைத்தார்கள். அது இரவும் பகலும் எரிந்தது. வீட்டுப் பெயர்களுக்கு எதிரே ஒவ்வோர் இலை. குறைவாகச் செலவழித்த வீட்டுக்குப் பச்சை இலை, நடுத்தரத்துக்கு மஞ்சள், அதிகத்துக்குச் சிவப்பு. பலகை எரியத் தொடங்கிய அன்று டிவிஷன் முழுவதற்கும் ஒரே ஒரு சிவப்பு இலைதான் இருந்தது. வேதமுத்து, புஷ்பமேரி என்ற பெயர்களுக்கு எதிரே இருந்தது. பக்கத்தில் 'காரணம்: வீடியோ' என்று மட்டும் போட்டிருந்தது.

அவர்கள் மகள் டின்சி அயர்லாந்தில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து, அவள் அங்கே மத்தியானச் சோறு பொங்குகிற நேரத்தில், புஷ்பமேரி இங்கே கொழுந்தெடுத்துவிட்டு வந்து ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பாள். போன் உப்பு டப்பாவில் சாய்ந்து நிற்கும். பேச்சு அதிகம் இருக்காது. மகள் வெங்காயம் நறுக்குவதைத் தாய் பார்ப்பாள். தாய் ரசத்துக்குத் தாளிப்பதை மகள் பார்ப்பாள். "கொஞ்சம் பெருசா நறுக்குத டின்சி" என்பாள் தாய். "எனக்கு இது போதும்மா" என்பாள் மகள். இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை போன் ஓடும். டிவிஷனின் நிலக்கரியில் பெரும்பங்கை எரித்தது இந்தச் சமையல்தான்.

ஆனால் பலகையில் வீடியோ என்றுதான் போட்டிருந்தது. என்ன வீடியோ என்று போடவில்லை. அதை ஜனங்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். சிவப்பு இலை என்றால் நீலப்படம் என்று யார் முதலில் சொன்னது என்று தெரியாது. வார முடிவுக்குள் அதுவே அந்த இலைக்கு அர்த்தம் ஆகிவிட்டது. கொழுந்தெடுக்கிற நிரையில் புஷ்பமேரி வந்து நின்றால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் செடியைப் பார்த்தார்கள். ஆண்கள் அவள் புருஷனைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள்.

"ஏளா, கோயில் கமிட்டியில ஒருத்தனும் எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்" என்றான் வேதமுத்து.

"மவளோடதான் பேசுதோம்னு சொல்ல வேண்டியதான?"

"கேட்டாத்தான சொல்ல முடியும். ஒருத்தனும் கேக்கலியே."

தப்பு எதுவும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மஸ்டர் ஷெட் வழியாகப் போகும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று.

சிவப்பு இலைக்காரர்களுக்கு மனமாற்ற முகாம் உண்டு என்று மிஷன் அறிவித்தது. அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க, ஆளுக்கொரு ஜீப் அனுப்பப்பட்டது. ஜீப்பின் முன்கண்ணாடியில் பெரிய சிவப்பு இலை ஒட்டியிருந்தது. புஷ்பமேரி தனியாகப் பின்சீட்டில் உட்கார்ந்து மலையிறங்கினாள். வழியில் எல்லா டிவிஷன்காரர்களும் நின்று பார்த்தார்கள்.

முகாம் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. வெளியே ஸ்வெட்டர் போட்டு நிற்கிற குளிர். உள்ளே அதைவிடக் குளிராக ஏசி போட்டிருந்தார்கள். சுவர் அளவுக்கு ஒரு திரை. நிகழ்ச்சி பதினான்கு ஜில்லாவுக்கும் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. கேமரா புஷ்பமேரியின் பக்கம் திரும்பியபோது அவள் முகம் சுவர் முழுக்க வந்தது. மூக்கிலிருந்த மரு ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. அவள் குனிந்துகொண்டாள். சுவரில் அவள் உச்சி வகிடு தெரிந்தது.

மோகனசுந்தரம் என்ன வீடியோ என்று அவளிடம் விசாரித்துவிட்டு, பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசினார். மைக் சட்டையில் மாட்டியிருந்ததால் மெதுவாகப் பேசியது எல்லா ஜில்லாவுக்கும் கேட்டது. இலை சிவந்துவிடும் என்ற பயத்தில் குரங்குப்பாறையில் மட்டும் அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"அம்மா, மக முகத்தைப் பாக்கோணும்னு ஆசை இருக்கறது தப்பில்லைங்க. எனக்கும் குடும்பம் இருக்குதுங்க. ஆனா தெனமும் பாக்கோணுமுங்களா? படம் இல்லாமக் குரலு மட்டும் கேளுங்க. அப்பறம் குரலையும் விட்டுப்போட்டு மெசேஜ் போடுங்க. கொஞ்ச நாள் போனா மெசேஜும் வேண்டியதில்லைங்க. மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டாவே போதும். நெனைப்புக்குக் கார்பன் இல்லைங்க."

"சார், நான் அங்க வெறகு வச்சுல்ல சமைக்கேன். வீடே பொகையா கெடக்கு. அதப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டேங்கிய."

"அது வேற டிபார்ட்மென்டுங்கம்மா."

"நீங்க இப்ப எங்களையெல்லாம் எல்லா ஊருக்கும் படமாக் காட்டுதியளே, அதுக்கு?"

"இது விழிப்புணர்வுங்க" என்றார் அவர் மிகுந்த பொறுமையோடு. "விழிப்புணர்வு கணக்குல வராதுங்க. இந்த ஒரு திட்டத்துக்காக நாங்க தெனமும் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் வீடியோ மீட்டிங்தான் பண்றோம். எங்க தியாகத்தை நாங்க வெளிய சொல்றதில்லைங்க."

முகாமிலிருந்து திரும்பி வந்தவள் நேராகப் போய்த் தன் வைஃபை பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். மறுநாள் சாயங்காலம் மகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். படம் எப்போதும் போலத் தெளிவாக வந்தது. டின்சி சட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். புஷ்பமேரி ப்ளக்கைப் பார்த்தாள். அது கழன்றுதான் கிடந்தது. அப்போதுதான் போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ரிஜின் அவள் போனை வாங்கி, "அத்த, உங்க லைன் கட்டானா எங்க வீட்டு வைஃபை எடுத்துக்கிடும்" என்று ஏதோ செய்துகொடுத்தது ஞாபகம் வந்தது. சாந்தம்மாள் வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

முதல் நாள் அது தெரியாமல் நடந்தது. இரண்டாம் நாள் தெரிந்தே நடந்தது. சாந்தம்மாள் மதினி வீட்டில் அந்த இணைப்பை யார் அதிகம் தொடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடுவதோடு சரி; பச்சை இலையிலிருந்து மஞ்சளுக்குப் போனால் என்ன குறைந்துவிடும் என்று புஷ்பமேரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாந்தம்மாளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சிவப்பு இலைக்காரிக்கு என் வீட்டு வலையா என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

சாந்தம்மாளின் இலை மஞ்சளாகவில்லை. நேராகச் சிவப்பாயிற்று.

புஷ்பமேரியின் இலை அதே நாளில் பச்சையாயிற்று. கொழுந்து நிரையில் பெண்கள் அவளோடு பேசத் தொடங்கினார்கள். பேசுவதற்கு ஒரு விஷயமும் இருந்தது.

"இந்த வயசுல பாத்தியா புஷ்பம்? புருஷனும் இல்ல."

"சும்மாயிருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள் புஷ்பமேரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டே கூடையை நிரப்பினாள்.

சாந்தம்மாள் பலகைக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று மிஷன்காரர்களிடம் சொன்னாள். பெட்டி பொய் சொல்லாது என்றார்கள். ஒரு ஞாயிறு கோயிலுக்கு வந்தாள். அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகு கேபிள்காரரைக் கூப்பிட்டு இணைப்பையே வெட்டச் சொன்னாள். அவர் ஏணி வைத்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு போவதைப் புஷ்பமேரி தன் வாசலில் நின்று பார்த்தாள். சாந்தம்மாள் அவளைப் பார்த்து, "சனியன் ஒழிஞ்சுது புஷ்பம்" என்றாள். புஷ்பமேரி தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து அவளும் மகளைக் கூப்பிடவில்லை. டின்சி சாதா போனில் கூப்பிட்டபோதெல்லாம், மாத்திரை போடுகிறவள் போலச் சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டாள்.

குரங்குப்பாறையில் கார்பன் இப்படி வேகமாகக் குறைந்தது மிஷனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இணைப்பை ஒருவர் தானாகவே வெட்டிக்கொண்டது மாநிலத்தில் முதல் முறை. அதற்கு 'தன்விருப்பத் துறவு' என்று பெயர் வைத்தார்கள். சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த புஷ்பமேரிக்கு 'மனந்திரும்பிய குடும்பம்' என்ற விருது. கிளப் மைதானத்தில் விழா. விழாவைத் தொடங்கிவைக்கத் தலைநகரத்திலிருந்து மிஷன் டைரக்டர் ஜோமோள் மேடம் வருகிறார் என்று மலையாளத்தில் உத்காடன பேனர் எல்லா வளைவுகளிலும் கட்டினார்கள். ஜெனரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. ட்ரோன் ஒன்று ஜனங்களின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி விழாவை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சாந்தம்மாளையும் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். துறவு கொண்டவர் என்பதால் அவளுக்கும் ஒரு பொன்னாடை உண்டு. அவள் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாதவள்போலக் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது.

ஜோமோள் மேடம் மலையாளத்தில் பேசினார். பிறகு புஷ்பமேரி தன் மனமாற்றத்துக்குச் சாட்சி சொல்வார் என்றார்கள். அவள் தமிழில் சொல்வதை மேடத்துக்கு மோகனசுந்தரம் மலையாளத்தில் சொல்வதாக ஏற்பாடு. பேச வேண்டியதை முந்தின நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புஷ்பமேரி மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் அந்தக் காலி நாற்காலிகள் தெரிந்தன.

"நான் ஒண்ணும் கொறைக்கல" என்றாள். "எங்க வீட்டு ப்ளக்கப் பிடுங்கிட்டு, மதினி வீட்டு வைஃபையில மவளோட பேசுனேன். அவுககிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்தச் செவப்பு எல அவுகளுது இல்ல. எனக்குள்ளது. நான் பாத்தது எம் மவ சோறு பொங்குனத. வேற ஒரு படமும் நானும் பாக்கல, மதினியும் பாக்கல. நெரையில நீங்க பேசும்போது நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வாயத் தொறக்கல."

ஜோமோள் மேடம் மோகனசுந்தரத்தைப் பார்த்தார். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மேடத்திடம் மலையாளத்தில் சொன்னார்: இரண்டு வீடுகள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்டன. ஒரு பெட்டிக்கான மின்சாரம் மிச்சமாயிற்று. இந்த யோசனை முழுக்க இந்தப் பெண்மணியுடையது. நம் மிஷன் தந்த ஊக்கம்தான் காரணம் என்று கண்ணீரோடு சொல்கிறார்.

மேடம் எழுந்து நின்று கைதட்டினார். மேடம் தட்டியதால் மேடை தட்டியது. மேடை தட்டியதால் மைதானமும் தட்டியது. கொழுந்து நிரையில் பேசிய பெண்களும் குனிந்தபடி தட்டினார்கள். 'அயல்வீட்டு வலைப் பகிர்வு' என்ற புதிய திட்டத்தை மேடம் அங்கேயே அறிவித்தார். அதை விளக்க அடுத்த வாரம் பதினான்கு ஜில்லாவுக்கும் வீடியோ கூட்டம் என்றார். புஷ்பமேரியின் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. அது வழுக்கிக் கீழே போயிற்று. போட்டோவுக்காக எடுத்து மறுபடி போட்டார்கள்.

மேடையிலிருந்து அவள் இறங்கியபோது சாந்தம்மாள் அங்கே இல்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் புஷ்பமேரி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். பின்னால் வேதமுத்து வந்து, உள்ளே வர முகமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். சாந்தம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை.

"மதினி, என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க."

"அடிச்சு என்ன செய்ய" என்றாள் சாந்தம்மாள். குரலில் கோபம் இல்லை. "நீ கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? சரி, கேக்கல. ஊரு பேசுனதும் எனக்குப் பெருசில்ல. அவுக நாளைக்கு வேற எதையாச்சும் பேசுவாக."

கட்டில் விளிம்பை விரலால் தேய்த்தாள்.

"ரிஜின் கேட்டான். இங்கயிருந்து எவனோ அவனுக்குச் சொல்லியிருக்கான். போன் போட்டு, 'அம்மா, நீ என்னத்தம்மா பாக்க?'ன்னு கேட்டான். பெத்த பிள்ள. நான் என்னன்னு சொல்ல? ஒண்ணும் பாக்கலய்யான்னேன். அவன் சரிம்மான்னு வச்சிட்டான். நம்பலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பொறவுதான் ஒயர வெட்டச் சொன்னேன். அதுக்குப் பொறவு அவனும் கூப்பிடல."

புஷ்பமேரி அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். இதைக் கேட்டபின் அந்த வார்த்தை வாயில் வைத்துக்கொள்ளக்கூட லாயக்கில்லாததாகப் பட்டது. வீட்டுக்குப் போய், பிடுங்கிப்போட்டிருந்த ப்ளக்கைத் திரும்பச் சொருகிவிட்டுப் போனை எடுத்து வந்தாள். ரிஜினைக் கூப்பிட்டாள். மேடையில் சொன்னதையே மறுபடி சொன்னாள். மேடையில் சொன்னது எளிதாக இருந்தது. இது வரவில்லை. பாதியில் இரண்டு முறை நின்றாள். பேச்சு முடிந்த பிறகும் அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத்த" என்றான் ரிஜின் கடைசியில். "அம்மா பக்கத்துல இருக்கா?"

"இருக்கா."

"படத்துல போடுங்க. நான் பாக்கணும்."

அவள் போனைத் திருப்பிச் சாந்தம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இருட்டாக இருக்கிறது என்றான் ரிஜின். வேதமுத்து உள்ளே வந்து விளக்கைப் போட்டுவிட்டு உடனே வெளியே போய்விட்டான். மகன் முகம் வந்ததும் சாந்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தப்பு செய்தவள் மூடுகிற மாதிரியே மூடிக்கொண்டாள்.

"அம்மா, மூடாதம்மா" என்றான் ரிஜின். "நான்தாம்மா கேட்டிருக்கக் கூடாது."

அவள் தலைப்பை எடுக்கவில்லை. போனை வை என்றும் சொல்லவில்லை. புஷ்பமேரி படத்தில் தன் முகம் விழாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் பிடித்தபடி நின்றாள். தோள்பட்டை கடுத்தது. அவள் கையை இறக்கவில்லை.